வினாக் கேட்கும் பிள்ளைக்கு எந்த நூலைக் கொடுப்பது?

(சுருத பஞ்சமி விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சுருத பஞ்சமி நூலுக்கு உரிய நாள். தரசேன ஆசாரியர் வாய்மொழியாக உணர்த்தியவற்றைப் புட்பதந்தரும் பூதபலியும் எழுத்தில் ஏற்றி நிறைவு செய்த நாளாக இது போற்றப்படுகிறது. இந்நாளில் பேழையிலுள்ள சுவடிகளும் நூல்களும் வெளியே எடுக்கப்பெறும், தூசி துடைக்கப்பெறும், புதிய துணியிற் பொதியப்பெற்றுப் பூசனை பெறும். நூலுக்கு இத்துணை மதிப்பளிக்கும் ஒரு சமுதாயத்தில், பத்து வயதுப் பிள்ளையின் கையில் எந்த நூலைக் கொடுப்பது என்னும் வினாவுக்கு எளிதில் விடை கிடைத்துவிடும் என்றே எவரும் எண்ணுவர். நடைமுறை அவ்வாறு இல்லை.

விழாக்களில் பரிசளிக்கும் முறையை நோக்கினால் இது விளங்கும். ஒரே நூலில் நூறு படிகள் வாங்கப்படுகின்றன. மொத்தமாக வாங்கினால் பதிப்பகத்தார் விலையைக் குறைப்பர். கட்டுப் பிரித்துக் கொடுப்பதும் எளிது. எந்தப் பெற்றோரும் குறை சொல்ல இயலாது. நீதிக் கதைத் தொகுப்பாகவோ, பெரியோர் வரலாறாகவோ அந்நூல் இருக்கும். ஆறு வயதுச் சிறுமிக்கும் அதுவே; பதினாறு வயது இளைஞனுக்கும் அதுவே. மேடையில் அதைப் பெற்றுக்கொண்டு புகைப்படத்துக்கு நின்ற பிள்ளை, வீடு திரும்பியதும் அதை அலமாரியின் மேல்தட்டில் வைக்கிறது. அடுத்த ஆண்டு வெள்ளையடிக்கும்போது அது பரணுக்குப் போகிறது.

உணவு, மருந்து, அடைக்கலம், நூல் ஆகிய நான்கையும் கொடையாக வகுத்த மரபு இது. ஆகார தானம் செய்வோர் பல் முளைக்காத குழந்தைக்கும் பல் விழுந்த முதியவருக்கும் ஒரே பதத்தில் சோறு வடிப்பதில்லை. ஔடத தானம் செய்வோர் வந்தவர் அனைவருக்கும் ஒரே சூரணத்தை மடித்துக் கொடுப்பதில்லை. நாடி பார்க்கின்றனர், நோயைக் கேட்கின்றனர். சாத்திர தானத்தில் மட்டும் பெறுபவர் யார் என்று பார்க்கும் வழக்கம் எப்படியோ விட்டுப்போயிற்று.

சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய சீ. இரா. அரங்கநாதன் நூலகத் துறைக்கு ஐந்து விதிகளை வகுத்து 1931ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். உலகெங்கும் நூலகக் கல்வி பயில்வோர் இன்றும் அவற்றைப் படிக்கின்றனர். அவற்றுள் இரண்டாம் விதி ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் ஒன்று உண்டு என்பது. மூன்றாம் விதி ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் ஒருவர் உண்டு என்பது. அதே 1931ஆம் ஆண்டில் மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர்களுக்கு மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி அனுப்பும் முயற்சியும் தொடங்கிற்று. வாசகர் வரமாட்டார் என்றால் நூல் போக வேண்டும் என்று எண்ணியவர்கள் அவர்கள். பாட்டன்மார் காலத்திலேயே கிராமத்து உழவர்க்குக் கிடைத்த அந்த மதிப்பு, இன்றைய பிள்ளைக்கும் கிடைப்பதே முறை.

குசராத்தின் பாவநகரில் பணியாற்றிய கல்வியாளர் கிஜுபாய் பத்தேகா, கதை வடிவில் எழுதிய ‘பகல் கனவு’ என்னும் நூலை இங்குள்ள குசராத்தி இல்லத்தார் பலர் அறிந்திருப்பர். தமிழிலும் அது வந்துள்ளது. அதில் வரும் ஆசிரியர் நான்காம் வகுப்பொன்றை ஓராண்டுக் காலம் தம் விருப்பப்படி நடத்த இசைவு பெறுகிறார். பாடம் தொடங்குமுன் கதை சொல்லத் தொடங்குகிறார். பின்னர் ஒரு காரியம் செய்கிறார்: எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாடநூலைத் தனித்தனியே வாங்குவதற்குச் செலவிடும் பணத்தைத் திரட்டி, வெவ்வேறு நூல்களை வாங்கி, வகுப்புக்கென ஒரு நூலகம் அமைக்கிறார். கணக்கு மிக எளிது. நாற்பது பிள்ளைகள் ஆளுக்கொரு படி வாங்கினால் ஒவ்வொரு பிள்ளைக்கும் படிக்கக் கிடைப்பது ஒரு நூல். அதே செலவில் நாற்பது வேறு நூல்கள் வாங்கினால் ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைப்பது நாற்பது. கிஜுபாய் 1939ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். பரிசு நூல் வாங்கும் குழுக்கள் இக்கணக்கை இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.

இனி, அந்த நாற்பது நூல்கள் எவை என்பது. பட்டியலைப் பதிப்பகத்தின் விலைப்பட்டியலிலிருந்து தொடங்காமல், பிள்ளைகளின் வினாவிலிருந்து தொடங்குவதே நல்லது. ஒரு மாதக் காலம் வீட்டில் பிள்ளை கேட்கும் வினாக்களைத் தாயோ பாட்டியோ ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம். எறும்பு ஏன் வரிசையாகப் போகிறது, நிலா ஏன் கூடவே வருகிறது, தாத்தா இறந்த பின் எங்கே போனார், அப்பா ஏன் அந்த வீட்டாரோடு பேசுவதில்லை. இவற்றுட் சில அறிவியல் நூலால் தீரும். சில கதையால்தான் தீரும். சில எதனாலும் தீரா. ஆயினும் எந்த நூலை வாங்குவது என்பதற்கு இக்குறிப்பேட்டைவிடச் சிறந்த வழிகாட்டி கிடையாது.

ஒரே ஒரு வினாவை எடுத்துக்கொண்டு அது எத்தனை நூல்களுக்கு வழி திறக்கிறது என்று பார்க்கலாம். சமண இல்லத்துப் பிள்ளை நாள்தோறும் காண்பது, குடிநீரைத் துணியில் வடிகட்டுவது. ஏன் என்று கேட்டால், நீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் உள்ளன என்று விடை வரும். கூர்மையான பிள்ளை அத்துடன் நிற்காது. கண்ணுக்கே தெரியாதது துணியில் மட்டும் எப்படித் தங்கும் என்று கேட்கும்.

அந்தப் பிள்ளைக்கு முதலில் ஒரு வரலாறு வேண்டும். ஆலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரத்தில் பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்தோனி வான் லேவன்ஹூக் ஒரு துணி வணிகர். துணியின் இழைத் தரத்தைப் பார்ப்பதற்கு உருப்பெருக்காடியைக் கையாண்டவர். தாமே ஆடிகளைத் தேய்த்துச் செய்து, 1670களில் ஏரி நீரிலும் மழை நீரிலும் நீந்தும் நுண்ணுயிர்களைக் கண்டு இலண்டன் இராயல் கழகத்துக்குக் கடிதங்கள் எழுதினார். துணிக் கடைக்காரரின் பிள்ளைக்கு இக்கதை எவ்வளவு நெருக்கமானது! அடுத்து வேண்டுவது ஓர் அறிவியல் நூல்: பாக்டீரியா போன்றவை துணியின் கண்களைவிட மிகச் சிறியவை, அவை துணி வழியே சென்றுவிடும் என்பதை ஒளிக்காமல் சொல்வது. மூன்றாவதாக, இக்காலத்து ஆய்வு ஒன்று. வங்கதேசத்தின் மத்லப் பகுதிக் கிராமங்களில் பழைய சேலைத் துணியைப் பல மடிப்பாக மடித்து நீரை வடிகட்டச் செய்து, ரீத்தா கோல்வெல் என்னும் அமெரிக்க அறிவியலாளரும் அவர் குழுவினரும் வாந்திபேதியைப் பற்றி ஆராய்ந்தனர். வாந்திபேதிக் கிருமி நீரிலுள்ள மிதவை உயிரிகளைப் பற்றிக்கொண்டு வாழ்கிறது. அவ்வுயிரிகள் மடித்த துணியில் தங்கிவிடுகின்றன. வடிகட்டிய ஊர்களில் நோய் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்னும் முடிவை 2003ஆம் ஆண்டு வெளியிட்டனர்.

இம்மூன்றையும் படித்த பிள்ளை துணி எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்காது என்று அறிந்துவிடும். முன்னோர் எல்லாவற்றையும் அறிந்திருந்தனர் என்று கைதட்டவைக்கும் நூலும், முன்னோர் செய்ததெல்லாம் பேதைமை என்று நகையாடும் நூலும் இப்பிள்ளைக்கு வேண்டுவதில்லை. முதல் வகை நூல்கள் இப்போது பளபளப்பான அட்டையோடு மிகுதியாக வருகின்றன. சமயச் சார்புள்ள அமைப்புகள் அவற்றை விரும்பி வாங்கவும் செய்கின்றன. அவற்றைப் படித்து வளரும் பிள்ளை, கல்லூரிக்குச் சென்று உண்மை வேறு என்று அறியும் நாளில், அறிவியற் செய்தியை மட்டுமா ஐயுறும்? அந்நூலைக் கொடுத்தவர் சொன்ன அறத்தையும் சேர்த்தே ஐயுறும். இழப்பு அங்கேதான் நேர்கிறது.

கதை வேறு, கல்வி வேறு என்று பிரித்து, முன்னதை விடுமுறைக்கும் பின்னதைத் தேர்வுக்கும் ஒதுக்குவது பெற்றோரிடையே பரவலான வழக்கம். நூல்களின் வரலாறு இதற்கு இடம் தரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேன் மார்செட் என்னும் அம்மையார் வேதியியல் குறித்து ஒரு நூல் எழுதினார். ஆசிரியை ஒருவரும் இரு சிறுமியரும் உரையாடும் அமைப்பு. சிறுமியருள் ஒருத்தி குறும்பாக இடைமறித்துக் கேட்டுக்கொண்டே இருப்பாள். இலண்டனில் நூல் கட்டும் தொழிலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்த ஏழைச் சிறுவன் ஒருவன், கட்டுவதற்கு வந்த நூல்களிடையே அதைப் படித்தான். மைக்கேல் பாரடே என்னும் அவனே பின்னாளில் மின்னியலுக்கு அடித்தளம் இட்டவன். சிறுமியர்க்கென எழுதிய நூல், கதைபோல் அமைந்த நூல், அதற்கு உரியவனைத் தானே தேடிக்கொண்டது.

தமிழிலும் இவ்விரண்டும் கலந்த நூல்களுக்குக் குறைவில்லை. அழ. வள்ளியப்பாவின் தலைமுறையைச் சேர்ந்த கல்வி கோபாலகிருஷ்ணன் கதைக்குள் அறிவியலை வைத்து எழுதியவர். ‘பண்டை உலகில் பறக்கும் பாப்பா’ அவ்வகையில் ஒன்று. இரா. நடராசனின் ‘விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்’ வேதாளம் கதை சொல்லி வினா எழுப்பும் பழைய சட்டகத்தையே அறிவியலுக்குப் பயன்படுத்துகிறது. 2014ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமியின் பால புரஸ்கார் விருது பெற்றது. அம்புலிமாமாவில் வேதாளக் கதை படித்து வளர்ந்த தாத்தாக்கள் பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கத் தக்கது. உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடியைப் பின்புலமாகக் கொண்ட சிறார் புதினம். 2023ஆம் ஆண்டு அதே விருதைப் பெற்றது. அதைப் படித்த பிள்ளையைக் கீழடி அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்வது ஒரு நாள் செலவு. திரும்பும் வழியில் மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில், மாங்குளம் போன்ற இடங்களில், துறவியர் கற்படுக்கைகளின் அருகே பொறித்த தமிழி எழுத்துகளையும் காட்டலாம். பானை ஓட்டில் பார்த்த எழுத்தைப் பாறையிலும் பார்க்கும் பிள்ளை, அடுத்துக் கல்வெட்டு பற்றிய நூலைத் தானே கேட்கும்.

கல்வி நூல்களைத் தேர்வதில் ஓர் எச்சரிக்கை. வழவழப்பான தாளும் வண்ணப்படமும் செய்தியின் உண்மைக்குச் சான்றாகா. கடையில் நின்றபடியே சோதிக்கச் சில வழிகள் உண்டு. எழுதியவர் பெயரும் பதிப்பாண்டும் இல்லாத நூலைக் கீழே வைத்துவிடலாம். கோள்கள் ஒன்பது என்று எழுதியிருந்தால், 2006ஆம் ஆண்டுக்குப் பின் புளூட்டோ குறுங்கோளாக வகைப்படுத்தப்பட்டதைக்கூடத் திருத்தாமல் பழைய அச்சையே மீண்டும் விற்கின்றனர் என்று பொருள். சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து தெரியும் என்று எழுதியிருந்தாலும் அப்படியே, அது தெரியாது. நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, அடியில் கசப்பு என்று பிரித்துப் படம் போட்டிருந்தால் அதுவும் பிழையே. இந்தப் பிழையை மட்டும் மன்னிக்கலாம் போலும். சிறிது சர்க்கரையை நாக்கின் ஓரத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னால், அச்சிட்ட நூலும் தவறலாம் என்பதைப் பிள்ளை தன் நாவாலேயே அறிந்துகொள்ளும்.

பெ. தூரன் பொறுப்பில் 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த குழந்தைகள் கலைக்களஞ்சியம் தமிழுக்குக் கிடைத்த பெருங்கொடை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அதைக் கட்டணமின்றிப் படிக்கலாம். அதன் தமிழ்நடை இன்றும் வாடவில்லை. ஆனால் விண்வெளி, கணினி, நாடுகளின் எல்லை ஆகியவற்றுக்கு அதை நம்பலாகாது. பழைய நூலைப் பழைய நூல் என்று சொல்லியே கொடுக்க வேண்டும்.

இனிச் சற்றுக் கடினமான ஒன்று. கொல்லாமையை உயிராகப் போற்றும் இல்லங்களில், வேட்டையும் குருதியும் வரும் கதையைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்னும் தயக்கம் இயல்பாக எழுகிறது. காதல் வரும் கதை என்றால் தயக்கம் இன்னும் மிகுகிறது. முடிவில், யாரும் யாரையும் துன்புறுத்தாத, யாருக்கும் எதுவும் நேராத கதைகளே அலமாரியில் எஞ்சுகின்றன. பிள்ளை இரண்டு பக்கம் படித்துக் கொட்டாவி விட்டு, கைப்பேசியைத் தேடுகிறது. கைப்பேசியில் வரும் குருதிக்கு எந்தப் பெரியவரும் முன்னுரை சொல்வதில்லை.

தமிழ்ச் சமணப் புலவர் இத்தயக்கத்தை வேறு வகையில் தீர்த்தனர். யசோதர காவியம் தொடங்குவதே பலிக்களத்தில். மாவினாற் செய்த கோழி ஒன்றைப் பலியிட்டதன் வினை பிறவிதோறும் தொடர்வதை அது விரிக்கிறது. கொடுமையைக் காட்டாமல் கொல்லாமையை உணர்த்த அப்புலவர் முயலவில்லை. துறவியர்க்கு இன்பச்சுவை பாட வராது என்று புலவர்கள் கூற, திருத்தக்கதேவர் சிந்தாமணி பாட முற்பட்டதாகவும், ஆசிரியர் முதலில் அங்கே ஓடிய நரியைக் காட்டி அதைப் பொருளாக வைத்துப் பாடச் சொன்னதாகவும், அவ்வாறு பிறந்ததே நரிவிருத்தம் என்றும் வழங்கும் வரலாற்றை அனைவரும் அறிவர். அதிற் சொல்லப்படும் நரி கதையும் வேடன், யானை, பாம்பு எல்லாம் மடியும் கதையே. எஞ்சிய நரியும் வில்லின் நாணைக் கடித்து மாள்கிறது. எட்டு வயதுப் பிள்ளை இதைக் கேட்டு அஞ்சுவதில்லை. ஏன் நாணைப் போய்க் கடித்தது என்றே கேட்கிறது. போரும் மணமும் மயிற்பொறியும் நிறைந்த சிந்தாமணியைக் கும்பகோணத்துச் சமண இல்லங்களில் கூடியிருந்து படிக்கக் கண்டதையும், அவர்களிடம் கேட்டுத் தம் ஐயங்களைத் தீர்த்துக்கொண்டதையும் உ. வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். அவர் பதிப்பு வெளிவந்தது 1887ஆம் ஆண்டில்.

ஆகவே கி. ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’ போன்ற நூலை ஒதுக்க வேண்டியதில்லை. கரிசல் நிலத்தில் பறவைகளையும் அவற்றின் முட்டைகளையும் தேடித் திரியும் சிறுவன் அதில் வருகிறான். முட்டையை எடுப்பது சரியா என்று பிள்ளை கேட்டால், அவ்வினா பெரியவர் வாயிலிருந்து வராமல் பிள்ளையின் உள்ளத்திலிருந்து வந்தது என்பதே அந்நூலின் பயன். நாற்பது நீதிக் கதைகள் சேர்ந்தும் அவ்வினாவை எழுப்பியிரா.

சில நூல்களைப் பெற்றோர் முதலில் படித்துவிட்டுக் கொடுப்பது கடமை. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ தகாத தொடுகையைப் பற்றிச் சிறார்க்கு உரிய பக்குவத்தோடு பேசுகிறது. 2020ஆம் ஆண்டின் பால புரஸ்கார் அதற்குக் கிடைத்தது. அதைப் படித்த பிள்ளை ஏதேனும் சொல்ல வந்தால் கேட்பதற்கு ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். இரா. நடராசனின் ‘ஆயிஷா’ அறிவியல் நூலொன்றின் முன்னுரை போல அமைந்த சிறிய கதை. ஓயாமல் வினாக் கேட்ட மாணவி, கேட்டதற்காகவே அடிபட்டு, தன் உடலிலேயே சோதனை செய்து மடிகிறாள். பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டோர்க்கு அதைக் கொடுக்கலாம். ஆசிரியர்களும் தந்தையரும் அதற்கு முன்னரே படித்திருத்தல் நலம்.

நகரத்து இல்லங்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. ஆங்கிலவழிப் பள்ளியிற் படிக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஆங்கிலத்தில் முந்நூறு பக்கப் புதினத்தை இரண்டு நாளில் முடிக்கிறது. தமிழில் எழுத்துக் கூட்டுகிறது. அதன் தமிழ் வாசிப்புக்கு ஏற்றது என்று காக்கை நரிக் கதையைக் கொடுத்தால் அவமதிப்பாகக் கருதுகிறது. அறிவுக்கு ஏற்றது என்று பொன்னியின் செல்வனைக் கொடுத்தால் முதல் அத்தியாயத்தையே தாண்ட முடிவதில்லை. இதற்குப் படக்கதை நல்ல பாலம். 1972ஆம் ஆண்டு முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கியபோது, அதைப் பாடநூலுக்குள் மறைத்து வைத்துப் படித்த தலைமுறைதான் இன்று மேடையில் அமர்ந்திருக்கிறது, அவர்கள் தமிழ் கெட்டுப்போய்விடவில்லை. சென்னையில் 1996ஆம் ஆண்டு தொடங்கிய தூலிகா பதிப்பகம் ஒரே நூலில் இரு மொழிகளைச் சேர்த்தே வெளியிடுகிறது. நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புஸ்தகாலய வரிசை குறைந்த விலையில் கிடைக்கிறது. பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் கட்டணமே இல்லை. இவை எல்லாவற்றையும்விட எளிய வழி, பெரியவர் உரக்கப் படிப்பதும் பிள்ளை கேட்பதும். கண்ணுக்கு எட்டாத தமிழ் காதுக்கு எட்டும். மொழிபெயர்ப்பு நூல்களைத் தேர்வதற்கும் இதுவே சோதனை: ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படிக்கையில் நாக்கு மூன்று இடத்தில் இடறினால், அந்நூலின் மூலம் எவ்வளவு புகழ் பெற்றதாயினும் அந்தத் தமிழ் வேண்டாம்.

வயதைக் குறித்துப் பதிப்பகத்தார் அட்டையில் அச்சிடும் எண்களை மிகவும் நம்ப வேண்டியதில்லை. தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்க நூல்கள் வயதை விடுத்து, ‘நுழை, நட, ஓடு, பற’ என்று வாசிப்புத் திறனைக் கொண்டு வகுத்திருப்பது அறிவுடைய ஏற்பாடு. வீட்டில் செய்யக்கூடிய சோதனையும் உண்டு. ஏதேனும் ஒரு பக்கத்தைப் பிள்ளை படிக்கட்டும்; தெரியாத சொல் வரும்தோறும் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடியுமுன் ஐந்து விரலும் மடங்கினால், அந்நூல் இன்னும் சில திங்கள் காத்திருக்கலாம். ஆனால் பிள்ளை விடாப்பிடியாக அதையே கேட்டால் கொடுத்துவிட வேண்டும். 1903ஆம் ஆண்டளவில் கும்பகோணத்து மாணவர் சீனிவாச இராமானுசன் கையில் கிடைத்தது, ஆங்கிலேயரான கார் என்பவர் தேர்வுக்காகத் தொகுத்த கணிதச் சுருக்க நூல்; கல்லூரி நூலகத்திலிருந்து நண்பர் கொண்டு வந்தது. ஏறக்குறைய ஐயாயிரம் தேற்றங்கள். நிறுவல்களோ பெரும்பாலும் இல்லை. எந்த நூல் தேர்வுக் குழுவும் பதினைந்து, பதினாறு வயதுப் பையனுக்கு அதைப் பரிந்துரைத்திராது.

நூலைக் கொடுத்த பின் பெரியவர் செய்ய வேண்டியது பெரும்பாலும் வாளாவிருத்தலே. கதையின் நீதி என்ன என்று கேட்பதும், சுருக்கம் எழுதிக் காட்டச் சொல்வதும், எத்தனை பக்கம் முடிந்தது என்று கணக்குப் பார்ப்பதும் படிப்பைத் தேர்வாக்கிவிடும். பாதியில் நிறுத்தவும், பின்னாலிருந்து படிக்கவும், ஒரே நூலைப் பத்து முறை படிக்கவும் பிள்ளைக்கு உரிமை உண்டு. ஒரு பிள்ளை ஆண்டு முழுவதும் பாம்பு பற்றியே படித்தால், அடுத்த ஆண்டு அது வேறொன்றுக்குப் போகும். போகாவிட்டால் நாட்டுக்கு ஒரு பாம்பியல் அறிஞர் கிடைப்பார்.

பவணந்தி முனிவரின் நன்னூலும் மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டும் பல நூற்றாண்டுகளாகத் தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் மனப்பாடம் செய்த நூல்கள். அவற்றை இயற்றியோரின் வழிவந்தோர் அமைக்கும் நூலகம் பிற வீட்டுப் பிள்ளைகளுக்கும் திறந்திருப்பதே பொருந்தும். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. அடுத்த விழாவுக்குப் பரிசு நூலுக்கென ஒதுக்கும் அதே தொகையில், வெவ்வேறான நூறு நூல்களை வாங்கி ஒரு மேசைமேல் பரப்பி வைக்கலாம். பரிசு பெறும் பிள்ளை வந்து, புரட்டிப் பார்த்து, வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளட்டும். மேடை நிகழ்ச்சி அரை மணி நேரம் நீளும், அதனால் கேடொன்றுமில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்குத் தனி மேசை, தாழ்வாக. படித்து முடித்தவர் ஒருவர்க்கொருவர் மாற்றிக்கொள்ள, திங்கள்தோறும் ஒரு ஞாயிறு மாலை, கோயில் மண்டபத்தில் ஓரிடம். பதிவேட்டைப் பிள்ளைகளே எழுதட்டும். எந்த நூல் கிழிந்து வருகிறதோ அதையே அடுத்த ஆண்டு இரண்டு படி வாங்கலாம்.

கண்ணாடிக் கதவும் பூட்டும் உள்ள அலமாரி ஒன்றை நன்கொடையாக அளிக்க முன்வருவோரும் இருப்பர். அலமாரியை நன்றியோடு ஏற்றுக்கொண்டு, பூட்டை மட்டும் அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.